ஊதா கோஸ் நீலமான நாள்

"நீ ஆக்கி எடுத்துக்கினு போனா ஊர்க்காரன் துன்னுடுவானா?"

எதிர் வீட்டு அத்தை இதைக் கேட்டபோது அவர் குரலில் கிண்டல் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி மதியச் சோறு விற்கப் போகிறேன் என்று அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"ஏன் துன்ன மாட்டாங்க?" என்றேன். காரணம் தெரியாமல் கேட்கவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று கேட்டேன்.

"கேக்கறா பாரு, ஒன்னும் தெரியாதவ மாரி. ஓட்டல்ல உள்ள எவன் ஆக்கறான்னு எவனுக்குத் தெரியும்? அது வேற. நீ மூஞ்சியக் காட்டிக்கினு நிப்ப. எந்த ஊருன்னு கேப்பான். ஊர்ல எங்கன்னு கேப்பான். அப்ப இன்னா சொல்லுவ?"

என்ன சமைத்துக்கொண்டு போவது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்காத ஒரு காய் அது. ஊதா கோஸ்.

கடைகளில் அதைச் சிவப்பு கோஸ் என்பார்கள். எனக்கு அது ஒருநாளும் சிவப்பாகத் தெரிந்ததில்லை. கத்தரிக்காயின் தோலை எடுத்து உருண்டையாகச் சுற்றியதுபோல இருக்கும். ஏரிக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒருவர் சென்னை ஓட்டல்களுக்கு அனுப்புவதற்காகக் கார்த்திகையில் அதை நட்டிருந்தார். அம்மா அங்கேதான் களை எடுக்கவும் அறுக்கவும் போனார். தை பிறந்ததும் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. முற்றி நின்ற கோஸ்கள் தண்ணீரைக் குடித்து ஒவ்வொன்றாக வெடித்தன. வெடித்த காயை வாங்குகிறவர்கள் தொடமாட்டார்கள். வரப்போரம் குவித்து, வேலைக்கு வந்த பெண்களிடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் நிலத்துக்காரர். அம்மா ஒரு கோணி நிறையத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அன்று மாலை எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஊதா நிறக் குவியல் கிடந்தது.

அம்மா அதைச் சாதாரணக் கோஸ் மாதிரியே சமைத்தார். அரிந்து, மஞ்சள்தூள் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்த்து மூடி வைத்தார். எங்கள் தெருவில் எதை வேகவைத்தாலும் அந்தச் சிட்டிகை உண்டு. தொட்டியில் வருவது போர் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. சோடா போட்டால்தான் அடுப்பை விட்டு இறக்க முடியும். அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. உப்புக்கு நீளும் கை அப்படியே சோடாவுக்கும் நீளும்.

மூடியைத் திறந்தபோது சட்டியில் இருந்தது பொரியல் இல்லை. நீலமும் பச்சையும் கலந்த ஒரு கூழ். அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். அத்தை அவர் வீட்டிலிருந்து தன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலும் அதே நீலம்.

"இன்னாடி இது, இங்க் பாட்டில ஊத்தி ஆக்கன மாரி கீது?"

"வெஷம் ஏறிக்கிச்சாக்கா?"

"வெடிச்ச காயாச்சே, அதான். மருந்து உள்ள பூந்துக்கினு கீது."

தெருவே கூடி நின்று சிரித்தது. நீலக் கூழை ஆட்டுக்கு ஊற்றினார்கள். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. "ஆடே வாணாங்குது, நாம எந்த மூலைக்கு" என்றார் அத்தை.

நான் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விஷமில்லை, சோடாதான் காரணம் என்று எனக்குத் தெரியும். சொல்லலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். "டீச்சரம்மா வந்துட்டாங்க, ஒழுங்கா பேசுங்கடி" என்றாள் ஒருத்தி. நான் டீச்சர் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், படித்தது ஊட்டச்சத்தும் உணவியலும். ஆனால் தெருவுக்குப் படித்தவள் என்றால் டீச்சர். நான் பக்கத்தில் போனதும் சிரிப்பு குறைந்தது. பேச்சும் குறைந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் உள்ளே திரும்பினேன்.

அந்த மாதங்கள் முழுவதும் அப்படித்தான் இருந்தன. சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். மருத்துவமனைகளுக்குச் சாப்பாடு செய்து அனுப்பும் ஒரு சமையல்கூடம் அது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா ஒரகடம் பக்கம் கட்டட வேலையில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அம்மா விடிவதற்கு முன்னால் ஷேர் ஆட்டோ ஏறிவிடுவார். என்னோடு பள்ளியில் படித்தவர்கள் எல்லாம் திருமணமாகிப் போய்விட்டார்கள். பகல் முழுவதும் வீட்டில் நான் மட்டும். தெருவில் குழாய்ச் சண்டை நடக்கும். அதில்கூட எனக்கு இடமில்லை. நான் குடத்தோடு போனால், "நீ புடிச்சிக்கினு போ கண்ணு" என்று வழிவிட்டு விடுவார்கள்.

அம்மாவும் வழிதான் விட்டார். சாயங்காலம் வந்து எனக்குத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, தான் பின்பக்கம் போய் மற்ற பெண்களோடு பேசிக்கொண்டே சாப்பிடுவார். அடுப்பருகே போனால், "நீ உக்காரு, படிச்ச கை" என்பார். அதில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். எனக்கும் பெருமைதான். ஆனால் பெருமையோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் கோணியிலிருந்து ஒரு கோஸை எடுத்தேன். வெடித்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, நான்காகப் பிளந்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு, நூல்போல மெல்லிசாக அரிந்தேன். இது பச்சைக் கோஸைவிட விறைப்பானது. பட்டையாக அரிந்தால் ரப்பர் மாதிரி வாயில் இழுக்கும். அரிந்த கை ஊதாவானது. கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவினேன். விரல்களுக்கு நடுவே ஊதா நீலமாக மாறி வழிந்தது. சோடா போடாமலேயே எங்கள் தண்ணீருக்கு அவ்வளவு காரத்தன்மை.

அதனால் தண்ணீரே ஊற்றக்கூடாது என்று முடிவு செய்தேன். இரும்புச் சட்டியையும் ஒதுக்கினேன், அதில் போட்டால் இந்தக் காய் கறுத்துப்போகும். எவர்சில்வர் வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. பிறகு வெங்காயம். அதற்குப் பிறகுதான் கோஸ். கோஸ் எண்ணெயில் பட்ட உடனேயே கெட்டியாகக் கரைத்த புளியை ஒரு கரண்டி விட்டேன். இதில்தான் எல்லாம் இருக்கிறது. புளிப்பு முதலில் போக வேண்டும். கடைசியில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் நிறம் மங்கிவிடும். புளி பட்டதும் ஊதா அப்படியே செம்பருத்திச் சிவப்பாக மாறியது. மஞ்சள்தூள் போடவில்லை, போட்டால் சேற்று நிறம் வரும். தீயைக் கொஞ்சம் கூட்டி, மூடாமல் கிளறிக்கொண்டே இருந்தேன். பச்சைக் கோஸைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. இறக்கித் தேங்காய் தூவினேன்.

இனிப்பும் புளிப்புமாக நன்றாக இருந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. வாசலுக்கு வந்தேன். தெருவில் நாய்கூட இல்லை. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். உள்ளே வந்து வாணலியிலிருந்தே சாப்பிட்டு முடித்தேன்.

அதன்பிறகு கோணி தீரும்வரை தினமும் ஒன்று. பச்சையாகத் துருவி, உப்புப் பிசறிப் பிழிந்து, புளித்த தயிரில் கலந்தால் பச்சடி இளம் ரோஸ் நிறமாகும். கொஞ்சம் நேரம் வைத்தால் நிறம் இன்னும் ஏறும். வதக்கிய கோஸோடு புளியும் மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்தால் துவையல். இட்லிக்குக்கூட ஆகும். எங்கள் வீடுகளில் கோஸோடு சென்னாக்குன்னி சேர்ப்பது வழக்கம். அந்தப் பொடி இறாலை வெறும் சட்டியில் வறுத்து இதில் போட்டேன். மணம் தெருமுனைவரை போனது. கூட்டு மட்டும் சரிவரவே இல்லை. பாசிப்பருப்போடு சேர்ந்து வேகும்போது சாம்பல் நிறமாகிவிடுகிறது. ஒருமுறை செய்து, அதையும் நானே சாப்பிட்டேன்.

எல்லாவற்றிலும் சிறப்பாக வந்தது சாதம். எலுமிச்சை சாதத்துக்குத் தாளிப்பதுபோலத் தாளித்து, வேர்க்கடலை போட்டு, கோஸை எலுமிச்சைச் சாற்றில் வதக்கி, உதிர் உதிராக ஆற வைத்த சோற்றில் கிளறுவது. சோறு முழுக்க ரோஸ் நிறம் ஏறி, இடையிடையே ஊதா இழைகள் தெரியும். பார்த்தவர்கள் ஒரு நிமிடம் நிற்பார்கள். நின்றால் வாங்குவார்கள். அந்த நினைப்பில்தான் பஸ் ஸ்டாண்டு யோசனை வந்தது. அப்பாவுக்குப் போனில் சொன்னேன். "சோறாக்கவா உன்ன காலேஜிக்கு அனுப்பனேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அத்தை கேட்டது அப்பா கேட்டதைவிட ஆழமாக இறங்கியது. காரணம் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் படிக்கும்போது செய்முறை வகுப்பில் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து நீள மேசையில் வரிசையாக வைப்போம். எல்லாரும் ஸ்பூனோடு சுற்றிவந்து ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை என் கிண்ணத்தில் ஒன்றிரண்டு ஸ்பூன் தடம்தான் விழுந்திருந்தது. மற்ற கிண்ணங்கள் வழித்துத் துடைத்ததுபோல இருந்தன. நான் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். அதற்கு முந்தைய வாரம்தான் உதவித்தொகைக்காக வகுப்பில் சிலரை எழுந்து நிற்கச் சொல்லியிருந்தார்கள். நானும் எழுந்து நின்றிருந்தேன். அவர்கள் விலகிப்போனது உப்புக்காகவா, நான் எழுந்து நின்றதற்காகவா? யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டாலும் உப்பு என்றுதான் சொல்வார்கள். உப்பு உண்மையிலேயே தூக்கலாக இருந்ததே. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்தது.

என் கையால் ஆக்கிய சோற்றை, நான் யார் என்று தெரிந்தும் ஒருவர் வாங்கிச் சாப்பிடுவாரா? எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். அதனால் கிளம்பினேன்.

எப்போதும் மூடியே கிடக்கும் ஒரு ஷட்டர் கடையின் முன்னால் மடக்கு மேசையைப் போட்டேன். ஊதா கோஸ் சாதம், சாம்பார் சாதம், தயிர்ப் பச்சடி. சென்னாக்குன்னியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். முதல் வாரம் பெரும்பாலும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் போட்டோ எடுத்தார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் பெண்தான் முதலில் டப்பாவைக் கையில் வாங்கியவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் என்னை சிஸ்டர் என்பார்.

"இன்னா சிஸ்டர் இது, ரோஸ் பவுடர் கலந்தியா?"

"கோசுக்கா. சாயமே கெடையாது."

"தோ பாரு, நாக்கு செவந்துக்கிச்சா?" என்று நடுரோட்டில் நாக்கை நீட்டிக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். வேலை போய் ஊருக்கு வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அதிலிருந்து அவர் தினமும் வந்தார். கடைக்குள் எடுத்துப் போகாமல் என் மேசையருகே நின்றே சாப்பிடுவார். முதலாளியைத் திட்டுவார், மாமியாரைத் திட்டுவார், "இதுல கடல கம்மி சிஸ்டர், ஏமாத்தற" என்று என்னையும் திட்டுவார். ஒரு நாளில் நான் பேசும் பேச்சு பெரும்பாலும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் நடக்கும். அவர் சாப்பிடுவதைப் பார்த்து வேறு சிலரும் வாங்கினார்கள். தையல் வேலைக்குப் போகும் பெண்கள், வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்.

ஒருநாள் அவர் கேட்டார். "எந்த ஊரு சிஸ்டர் நீ?"

சொன்னேன்.

"அட, எங்க நாத்தனார அங்கதான் குடுத்துகீது. ஊர்ல எங்க?"

"ஏரிக்கரை பக்கம்."

எங்கள் வீடுகள் ஏரிக்கரையில்தான் இருக்கின்றன. ஆனால் ஊரில் வேறு சிலர் வீடுகளும் அந்தப் பக்கம் உண்டு. "கோயிலுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?" என்றார் அவர். அதற்குள் ஒருவர் சாம்பார் சாதம் கேட்டு வந்தார். நான் டப்பாவை எடுக்கத் திரும்பிக்கொண்டேன்.

வியாபாரம் மெல்லப் பிடித்தது. வெடித்த கோஸ் தீர்ந்தபிறகு வாலாஜாபாத்திலிருந்து நல்ல காயாக வாங்கினேன். நான் விடியலில் எழுந்து அரிவதை அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். பிறகு ஒரு காலை, அவருக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை என்ற நாளில், எழுந்து வந்து என் கையிலிருந்து கத்தியை வாங்கினார்.

"நான் ஆக்கறேன். நீ போயி தண்ணி புடிச்சிக்கினு வா."

படிச்ச கை என்று அன்று சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எதையும் விளக்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். குழாயில் கூட்டம். திரும்பி வந்தபோது வாணலி நீலமாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "சீக்கிரம் வேவட்டும்னுதான்டி ஒரு சிட்டிக போட்டேன்."

திட்டவில்லை. என்னால் முடியவில்லை. எலுமிச்சைகளை எடுத்துப் பிழிந்தேன். நுரை பொங்கியது. நீலம் பின்வாங்கி, சில இடங்களில் ரோஸ் வந்தது, சில இடங்களில் வரவில்லை. சோற்றில் கிளறியபோது அங்கங்கே நீலத் திட்டுகள் நின்றன. வாயில் போட்டால் கடைசியில் லேசாகச் சோப்பு மாதிரி ஒரு ருசி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மா ஆக்கியதைக் கொட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு போனேன்.

ஜெராக்ஸ் கடை அக்கா வழக்கம்போல வந்தார். மூடியைத் திறந்து, "இன்னா சிஸ்டர், இன்னிக்கு கலர் வேற மாரி கீது?" என்றார். சோடா விழுந்துவிட்டது என்றேன். ஒரு வாய் சாப்பிட்டார். முகம் கொஞ்சம் சுளித்தது. "சோப்பு வாசன வருது. பரவால்ல, துன்னலாம்."

அப்போது ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அம்மாவும் அத்தையும் தெருப் பெண்கள் சிலரும் இறங்கினார்கள். வேலைக்குப் போகும் வழி. அம்மாவின் இடுப்பில் அரிவாள் செருகியிருந்தது, தலையில் துண்டு. நேராக என் மேசைக்கு வந்தார்.

"இன்னாடி, நான் ஆக்கனது வித்துச்சா?"

"கூவி வில்லுடி," என்றார் அத்தை. "வாயத் தொறக்காம நின்னுக்கினு கீற. போஸ்டரா நீ?"

அக்கா சிரித்தார். அம்மாவைப் பார்த்து, "உங்க பொண்ணாம்மா? நல்லா ஆக்குது. ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?" என்றார்.

"காலனிம்மா," என்றார் அம்மா. "மேட்டுத் தெரு."

பால்காரர் வீடு எது என்று கேட்டால் சொல்வதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அக்கா "ஓ" என்றார். பிறகு, "சரி சிஸ்டர், கடையில ஆள் நிக்குது" என்று டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு போனார். கடை வாசலில் உண்மையிலேயே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது கடைக்குள் பார்த்தேன். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் என் டப்பா இருந்தது. ஸ்பூன் உள்ளே செருகியபடி, சோறு அப்படியே.

வீட்டில் அம்மா வாசலிலேயே காத்திருந்தார். "நான்தான் கெடுத்துட்டனா? சோடாவாலதான் துன்னலையா?"

"ஆமாம்மா. சோடாதான்" என்றேன்.

"சோடாவாம், சோடா" என்றார் எதிர் வீட்டு வாசலிலிருந்து அத்தை. அவ்வளவுதான் சொன்னார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அன்று எனக்குச் சோறு போட்டுவிட்டுப் பின்பக்கம் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நானே ஆக்கினேன். ரோஸ் நிறம் பிசகாமல் வந்தது. மத்தியானம் அக்கா கடையிலிருந்தே கையசைத்தார். "வூட்லேந்து எடுத்தாந்துட்டேன் சிஸ்டர்." அதற்கு மறுநாளும் அதே கையசைப்பு, அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் எந்த மாற்றமும் இல்லை. மாறியிருந்தாலாவது எனக்கு ஒரு விடை கிடைத்திருக்கும். சோப்பு ருசியை நினைத்து ஒதுங்குகிறாரா? மாமியார் புதிதாகச் சமைத்துக் கொடுக்கிறாரா? அம்மா சொன்ன தெருப்பெயர்தானா? தையல் பெண்களில் சிலர் இன்னும் வாங்கினார்கள். அவர்களுக்கு நான் இன்னமும் ஏரிக்கரைப் பக்கம்தான். அவர்கள் சாப்பிடும்போதும் எனக்கு நிம்மதி இல்லை. இவர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் என்ன ஆகும் என்றே ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் நிற்க நிற்க, கல்லூரியில் அந்தக் கிண்ணத்தின் முன்னால் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இருந்தது. சுற்றிலும் பஸ் ஸ்டாண்டின் அத்தனை சத்தம். பேசுவதற்கு ஆளில்லை.

ஒரு காயின் குணம் தெரிய வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். தண்ணீரை மாற்றிப் பார், சட்டியை அப்படியே வை. சட்டியை மாற்றிப் பார், புளியை அப்படியே வை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் நீலமானது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒரு நாளில் என் சோறும் கெட்டது, என் தெருவும் தெரிந்தது. அதனால்தான் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோஸை இனிமேல் நான் கெடுக்கப் போவதில்லை. அது என் கையில் இருக்கிறது. மீதி இருப்பது நான் மறைத்து வைத்த தெரு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தகரப் பலகை வாங்கி வந்தேன். வெள்ளை அடித்துக் காயவைத்து, சிவப்புப் பெயிண்டால் எழுத உட்கார்ந்தேன். என் எழுத்து பள்ளியில் போர்டில் எழுதக் கூப்பிடும் எழுத்து. மேலே பெரிதாக ஊதா கோஸ் சாதம் என்று எழுதினேன். அதன்கீழ் தயிர்ப் பச்சடி, துவையல். அதற்கும் கீழே சென்னாக்குன்னி கோஸ். கடைசி வரியில் எங்கள் ஊர்ப் பெயர், காலனி, மேட்டுத் தெரு. மற்ற வரிகளைவிடச் சிறிதாக எழுதக்கூடாது என்று கோடு போட்டுக்கொண்டே எழுதினேன்.

அம்மா பக்கத்தில் வந்து நின்றார். கடைசி வரியைப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"எதுக்குடி இந்த பேஜாரு? அவனவன் மறச்சிக்கினு கீறான்."

"நீதான அன்னிக்குச் சொன்ன?"

"என்னக் கேட்டாங்க, சொன்னேன். நீ கேக்காமயே சொல்றியே."

அத்தை வந்து பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "துன்ன மாட்டான்" என்றார் என்னிடம். பிறகு இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "எயுத்து நல்லாதான் கீது" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். அப்பா அன்று வீட்டில்தான் இருந்தார். பலகையின் நான்கு மூலையிலும் ஆணியால் துளை மட்டும் போட்டுக் கொடுத்தார்.

இன்று விடியலில் கோஸை அரிந்து, எலுமிச்சையை முதலில் விட்டு வதக்கினேன். நிறம் நன்றாக வந்திருக்கிறது. முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். கடைகள் எதுவும் இன்னும் திறக்கவில்லை. மேசையை விரித்து, பலகையை அதன் முன்கால்களில் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். கடைசி வரி ஜெராக்ஸ் கடையிலிருந்து பார்த்தால் தெரிகிறதா என்று அந்த வாசலில் போய் நின்று பார்த்தேன். தெரிகிறது.